முதல் தாளை எழுதியவர்கள்

வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய வன்கொடுமை பற்றிய வழக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2011 தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். 215 அரசு ஊழியர்களுக்கு ஒரே வழக்கில் தண்டனை என்பது இந்த நாட்டில் அபூர்வம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வழக்குக் கட்டுகளுடனேயே காலம் தள்ளும் என் போன்றவர்களின் கண் வேறு ஓர் இடத்துக்குப் போகும். 1992 ஜூன் 20 அன்று அந்த ஊரைப் பற்றி அரசின் கோப்பில் ஏறிய முதல் தாளில் என்ன இருந்தது? சந்தனக்கட்டை பதுக்கியவர்கள், வனத்துறை ஊழியரைத் தாக்கியவர்கள் பிடிபட்டார்கள் என்று இருந்தது. குற்றம் செய்தவர்களிடம் பேனா இருந்தது. அவர்களிடம் அடிபட்டவர்கள் அந்தத் தாளில் குற்றவாளிகளாக இருந்தார்கள். அந்த ஒரு தாளைத் திருத்துவதற்கு 19 ஆண்டுகள் ஆயின. மேல்முறையீட்டையும் சேர்த்தால் 31.

அரசு ஊழியர்கள் செய்யும் குற்றங்களில் எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை ஆண்டு தண்டனை என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் கேள்விதான். முதல் தாளை யார் எழுதினார்கள், அதற்கு எதிராக வெளியிலிருந்து ஒருவர் இரண்டாவது தாளை எவ்வளவு சீக்கிரம் கோப்பில் ஏற்ற முடிந்தது என்பதே பெரும்பாலும் வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

வாச்சாத்தி தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். வீரப்பனைத் தேடும் வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. சந்தன மரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு மலையோரக் கிராமம் ஒன்றுக்குள் யார் வேண்டுமானாலும் சீருடையுடன் நுழையலாம் என்றிருந்த காலம். அன்று காலையில் வனத்துறையினருக்கும் ஊராருக்கும் கைகலப்பு நடந்தது. அதன்பின் பெரும்படையாகத் திரும்பி வந்தார்கள். வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என்று பிற்பாடு குற்றப்பத்திரிகை கணக்குச் சொன்னது.

ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். ஆண்களில் பலர் ஏற்கெனவே காட்டுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள். பதுக்கி வைத்த கட்டையைக் காட்டு என்று சொல்லி இளம்பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, கிணற்று நீர் கெடுக்கப்பட்டது. அன்றிரவு அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்திச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். கைதான 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். ஆண்கள் 15 பேர் மட்டுமே. குழந்தைகளையும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பும்போது, இது என்ன கடத்தல் கும்பல் என்ற கேள்வி வழியில் யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதாகக் கோப்பில் தடயம் இல்லை. தாள்கள் ஒழுங்காக இருந்தன.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு கேட்ட கேள்விகளில் ஒன்று இது: கொடுமை நடந்திருந்தால் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) ஏன் உடனே சொல்லவில்லை? கேட்பதற்கு நியாயமானது போலவே இருக்கும். ஆனால் நடுவர் முன் நிற்கும் ஒருவரை யார் கூட்டிவருகிறார்கள், திரும்ப யார் கூட்டிப்போவார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது.

ரிமாண்ட் என்றால் என்ன என்று சினிமா பார்த்துத் தெரிந்துகொண்டவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிற்றூரில், விடுமுறை நாள் ஒன்றின் மாலையில், நடுவரின் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. திருட்டு வழக்கு, இளைஞர் ஒருவர். காவலர் அவருடைய சட்டையின் பின்பக்கத்தை விரல் நுனியில் பிடித்திருந்தார், பார்க்கிறவர்களுக்குத் தோளில் கை போட்டது போலத் தெரியும். அவரைக் காவலில் வைக்கும் ரிமாண்ட் உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகி வந்திருந்தது. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். 'கைது செய்ததற்கான காரணம் தெரிவிக்கப்பட்டது. காவல்துறையினர் மீது புகார் ஏதும் இல்லை என்று கூறினார்' என்ற வரி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அங்கே அச்சாகிக் கிடந்தது.

"அடித்தார்களா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லைங்க ஐயா" என்றார் இளைஞர்.

என் சீனியர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லுங்கள்" என்றார். நிற்க முடியவில்லை. நடுவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்து, தட்டச்சு வரியை அடித்துவிட்டு, இடது பாதத்தில் வீக்கம் காணப்படுகிறது, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துக என்று கைப்பட எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லியிராவிட்டால் கையெழுத்துப் போட்டிருப்பார், சொன்னதும் எழுந்து வந்தார், அவ்வளவுதான். பின்னாளில் அந்த வழக்கு நொறுங்கியது அந்தக் கைப்பட எழுதிய வரியால்தான். 'தப்பியோடும்போது வழுக்கி விழுந்தார்' என்று நிலையத்தில் அறிக்கைகளை எழுதும் காவலரான ரைட்டர் எழுதிவைத்த கதை மருத்துவரின் குறிப்போடு ஒட்டவே இல்லை.

நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 1872இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமும் அதை அப்படியே 23ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. தான் அமைத்த காவல்துறை எழுதும் தாளைத் தானே நம்பாத சட்டம் அது. ஆனால் அந்த அவநம்பிக்கை வாக்குமூலத்தோடு நின்றுவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை, மகஜர் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பற்றி எழுதும் குறிப்பு), நிலையப் பொதுநாட்குறிப்பு, ரிமாண்ட் அறிக்கை இவையெல்லாம் அதே மேசையில், அதே ரைட்டர் கையால் எழுதப்படுபவை. இவற்றை ஒவ்வொரு நாளும் நடுவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

வாச்சாத்திக்கு இரண்டாவது தாளைக் கொண்டுவந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும்தான். ஊருக்குள் போய்ப் பார்த்தார்கள், ஒளிந்திருந்தவர்களிடம் பேசினார்கள், நடந்ததை எழுதினார்கள். அக்கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கே மனுவைக் கொண்டுபோனார். அங்கிருந்து அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. இவற்றுக்கிடையில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி அந்த ஊருக்கு நேரில் போய் விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை வழக்கின் திருப்பம் அதுதான். கட்சிக்காரர்கள் எழுதினால் அரசியல் என்று ஒதுக்கிவிடலாம், பாதிக்கப்பட்டவர்கள் எழுதினால் கடத்தல்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாம். அரசாங்க முத்திரையுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து, சம்பந்தப்பட்ட துறைகளின் கைக்கு எட்டாத ஓர் அதிகாரி எழுதிய தாளை ஒதுக்குவது அவ்வளவு எளிதல்ல.

1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 1996இல் 269 பேர் மீது குற்றப்பத்திரிகை. அவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகளும் உண்டு. பிறகு நடந்ததுதான் நம் நீதிமன்றங்களுக்கே உரிய நீண்ட நடை. வழக்கு கோவை, கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ஊர் மாறியது. சாட்சி சொல்ல வேண்டிய பெண்கள் தினக்கூலியை விட்டுவிட்டு, குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய் வர வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பலர் வேலையில் இருந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், ஓய்வு பெற்றார்கள். 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் 17 பேர், அத்தனை பேரும் வனத்துறை. அவர்களில் 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கெல்லாம் ஓராண்டிலிருந்து மூன்றாண்டுக்குள். தீர்ப்பைக் கொண்டாடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு கிராமத்தை ஒரே மாலையில் இல்லாமல் ஆக்கியதற்குச் சராசரி அரசு ஊழியர் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை, சாதாரணத் திருட்டுக்குக் கிடைக்கக்கூடியதைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துறைகள் தம் ஆட்களை எப்படி விசாரிக்கின்றன என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். நம் செய்தித்தாள்களில் நிரந்தரமாக ஒரு வரி உண்டு: 'சம்பந்தப்பட்ட உதவி ஆய்வாளர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார்.' படிக்கிறவர்கள் ஏதோ நடவடிக்கை எடுத்துவிட்டார்கள் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பணியாளர் ஒழுங்கு விதிகளில் இருக்கும் தண்டனைப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் எல்லாம் இருக்கும். இடமாற்றம் இருக்காது. அது நிர்வாக ஏற்பாடு. கூட்டம் கலைய, மறியல் முடிய, பத்திரிகைக்காரர்கள் ஊர் திரும்ப ஆகும் காலத்துக்கு ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது. அந்த வீங்கிய கால் வழக்கில் மாட்டிய உதவி ஆய்வாளரும் ஆயுதப்படைக்குத்தான் போனார். போன வேகத்தில் இன்னொரு நிலையத்துக்கு வந்துவிட்டார், அந்த நிலையம் முந்தையதைவிடப் பெரியது.

அதற்கு மேல் போனால் சார்ஜ் மெமோ, அதாவது துறை தன் ஊழியருக்குக் கொடுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பு. அரசு அலுவலகங்களில் 17(ஏ), 17(பி) என்று சொல்லிக்கொள்வார்கள், முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது பெருந்தண்டனைக்கு. 17(பி) என்றாலே ஆள் கதிகலங்கிப் போவார். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுவிடும், ஓய்வுக்காலப் பலன்கள் தொங்கும். உண்மையில் துறை விசாரணை குற்றவியல் வழக்கைவிடக் கூர்மையான ஆயுதம். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். ஆனால் அந்த ஆயுதம் தாமதமாக வேலைக்கு வந்தவர் மீதும் கோப்பைத் தொலைத்தவர் மீதும் பாயும் வேகத்தில், ஆளை அடித்தவர் மீது பாய்ந்து நான் பார்த்ததில்லை. குற்றவியல் வழக்கு நிலுவையில் இருக்கிறது, அது முடியட்டும் என்று துறை காத்திருக்கும். சாட்சி பல்டி அடித்து நீதிமன்றம் விடுதலை செய்ததும், நீதிமன்றமே விட்டுவிட்டது, நாங்கள் என்ன செய்ய என்று துறை கைவிரிக்கும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நடந்ததை வாச்சாத்தியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பிடித்துப்போகப்பட்டார்கள். முதல் தாள் என்ன சொன்னது? அவர்கள் தரையில் உருண்டு புரண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது என்றது. மருத்துவமனைச் சான்றிதழ் வந்தது, ரிமாண்ட் உத்தரவு வந்தது, கோவில்பட்டிக் கிளைச்சிறை வாசல் திறந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் நின்றிருக்கக்கூடிய பயணம் அது. ஜூன் 22 இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை இறந்தார்.

வேறுபாடு அதன் பிறகுதான் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல்மரணம் நடந்தால் நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் என்று 2005 திருத்தம் சொல்லியிருந்ததால், ஒரு நடுவர் நேரே நிலையத்துக்குப் போனார். அவருக்கு அங்கே ஒத்துழைப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று பயந்து பயந்து சொன்னதை எழுதிக்கொண்டார். உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. கடைத்தெருக் கேமரா, முதல் தகவல் அறிக்கையில் இருந்த கூட்டத்தையும் காட்டவில்லை, உருண்டதையும் காட்டவில்லை. வாச்சாத்தியில் பல மாதங்களும் ஓர் உச்ச நீதிமன்ற மனுவும் தேவைப்பட்ட இரண்டாவது தாள், இங்கே சில நாட்களில் எழுதப்பட்டுவிட்டது. அது சட்டத்தின் வெற்றி என்பதைவிட, ஒரு கடைவீதிக் கேமராவும் ஒரு நடுவரும் ஒரு தலைமைக் காவலரும் ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்த தற்செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. கைதுக்கான நெறிமுறைகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்தது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கு சொன்னது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டில், 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. தாளில் எல்லாம் அழகு.

காவல்துறையின் மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமாக இயங்கும் அமைப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் கருத்து. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. மாநில அளவில் அந்த அமைப்புக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும் வைத்தது, மாவட்ட அளவில் ஆட்சியரைத் தலைவராக வைத்தது. காவல்துறையை நிர்வகிக்கும் செயலாளரிடமே காவல்துறையைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். இதை எழுதிய சட்டத்துறை அலுவலர் சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று நம்புவது கஷ்டம்.

வாச்சாத்தி மேல்முறையீடுகளை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போனார். இடங்களைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். 1992இல் ஓர் அதிகாரி செய்திருக்க வேண்டியதை, 31 ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் செய்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். கடத்தல் பெரும்புள்ளிகளைக் காப்பாற்ற அப்பாவி மக்களைப் பலிகொடுத்த நாடகம் இது என்று தீர்ப்பில் அவர் சொன்னது கடுமையான கண்டனம்.

அதே தீர்ப்பில் இருக்கும் இன்னொரு உத்தரவைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்கு அது ஆணையிட்டது. 269 பேர் கொண்ட குற்றப்பட்டியலில் கான்ஸ்டபிள் இருந்தார், வனக்காவலர் இருந்தார், வருவாய்த்துறையின் கீழ்நிலை ஊழியர்கூட இருந்தார். மாவட்டத்தை ஆண்ட ஆட்சியரும் கண்காணிப்பாளரும் இல்லை. மூன்று துறைகளைச் சேர்ந்த ஒரு படை ஒரே கிராமத்துக்குப் போகிறது, 133 பேர் சிறைக்குப் போகிறார்கள், மாவட்டத் தலைமைக்கு அன்று மாலையே அறிக்கை போகாமல் இருக்க நம் நிர்வாக முறையில் வழியே இல்லை. அந்த அறிக்கையைப் படித்தவர்கள், ஓரத்தில் இனிஷியல் போட்டவர்கள், அடுத்த கட்டுக்குத் தள்ளியவர்கள் யார் என்பதை விசாரிக்கச் சொல்லி ஒரு நீதிமன்றம் உத்தரவிடுவதற்குள், அந்த நாற்காலிகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.